முன்படிக்கு அடியில் ஒரு மீன்

ஜூன் 10

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் வேண்டும். உண்மையில் முக்கால்வாசி நலம். நீங்களும் சித்தப்பாவுமாவது முழுசாக நலமாக இருங்கள்.

போனில் அம்மா உங்களிடம் "எல்லாம் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். அதனால் இனிமேல் வீட்டுச் செய்தியை நானே எழுதப்போகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன்.

தங்கச்சி சுண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது முழங்கால் மடங்குவதில்லை. கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே என் புத்தக அலமாரி வரைக்கும் வந்து வழக்கம்போல எதையாவது கலைத்துவிட்டுப் போகிறாள். மார்ச்சில் அப்பாவோடு நோட்டு வாங்கப் போனவள் நடைபாதையில்தான் நின்றாள். பஸ்தான் நடைபாதைமேல் ஏறி வந்தது. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஜாக்கி கொண்டுவந்து தூக்குகிற வரைக்கும் அவள் பஸ்ஸுக்கு அடியிலேயே கிடந்தாள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் அவள் "மேல மீன் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மருந்து மயக்கம் என்றார் டாக்டர். மருந்தை நிறுத்தியாயிற்று, மீன் நிற்கவில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்ட குழந்தைகளுக்கென்று ஒரு நிதி இருக்கிறதாம். அதில் சுண்டுவைச் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி, காலுக்குப் பட்டை, வந்துபோகிற செலவு எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். மையம் ஒரு பழைய கிடங்கில் நடக்கிறது. சுவரில் வரைந்த முயலுக்கு ஒரு கண் பெரிசு. பிசியோ அக்கா சுண்டுவிடம், "அழறதுன்னா அழு, ஆனா எண்ணிக்கிட்டே அழு" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்காவின் மூத்த மகள்


ஜூன் 25

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். சித்தப்பாவின் முதுகுதான் எப்போதும்போல முனகுகிறது. உனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தவர் அவர்தானே, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஒரு எழுத்துப் பிழை இல்ல பாரு" என்று பெருமைப்பட்டார். பிறகு வெளியே போய் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.

நிதி கிடைத்தது நல்லது. யார் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்று நோண்டிக்கொண்டிருக்காதே. கால் சரியாகட்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. சித்தப்பா வேலை செய்கிற, பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. பழைய பஸ்ஸைக் குறுக்கே வெட்டி முன்பாதியை மட்டும் ஜோடித்துக் கொடுக்க வேண்டுமாம். "பாதி பஸ்ஸை வச்சுக்கிட்டுப் பாதி தூரம் போவாங்களா?" என்று கேட்டேன். அடிபட்ட பிள்ளைகள் பயம் தெளிந்து படி ஏறிப் பழகுவதற்காம். உங்கள் மையம் மாதிரி ஏதோ ஓர் இடத்துக்குத்தான் இருக்கும். வண்டி அடுத்த வாரம் பட்டறைக்கு வருகிறது. மஞ்சள் பெயிண்ட்டைத் தானே அடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சுண்டுவுக்கு முத்தம். அம்மாவை அழாமல் பார்த்துக்கொள்.

உன் சித்தி


ஜூலை 20

அன்புள்ள சித்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பாதி பஸ் எங்கள் மையத்துக்கே வந்துவிட்டது!

ஒரு பெரிய லாரியில் வந்தது. முற்றத்தில் இரும்புக்கால்களின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். கோழிக்குஞ்சு மஞ்சள். முகப்பில் ஒரு சிரித்த வாய் வரைந்திருக்கிறது. உள்ளே டிரைவர் சீட்டும் நான்கு இருக்கைகளும் இருக்கின்றன. பின்பக்கம் வெட்டிய இடத்தில் திரை தொங்குகிறது. எல்லாரிடமும் "எங்க சித்தப்பா செஞ்சது" என்று சொன்னேன். நிதியிலிருந்து வருகிற மேலாளர் மேடமிடம் சொல்லப் போனேன், அவர் அப்போது தன் மேஜைமேல் இருக்கும் பிளாஸ்டிக் செடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதனால் காதில் விழவில்லை.

பஸ்ஸைக் கொடுத்தது ஒரு பஸ் கம்பெனியாம். கம்பெனிக்காரரும் வந்திருந்தார். பேசாதபோதும் பல் தெரிகிறது. சுண்டு அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஒரு புது விதியும் போட்டிருக்கிறார்கள். அக்டோபரில் மறுபரிசீலனை வருகிறது. அதற்குள் பஸ் படியில் பிடிக்காமல் ஏறிக்காட்டுகிற குழந்தைக்குத்தான் அடுத்த ஆறு மாதம் உதவி. இல்லையென்றால் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி, இடத்தை வரிசையில் நிற்கிற வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்கள். இப்போது பயிற்சியை விட்டால் முழங்கால் இப்படியே இறுகிவிடும் என்கிறாள் பிசியோ அக்கா. அப்பாவின் சம்பளத்தில் வெளியே பார்க்க முடியாது. ஆனால் எனக்குக் கவலையில்லை. சித்தப்பா கட்டிய படியில் சுண்டு ஏறாமல் வேறு யார் ஏறுவார்கள்?

சித்தப்பாவின் முதுகுக்கு என் வந்தனம்.

அன்புடன்,
டீச்சரம்மா


ஆகஸ்ட் 6

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். பயிற்சிப் பந்து உருண்டு பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்தேன். முன்படிக்கு அடியில் இருக்கிற தகரத்தில் ஓட்டையை அடைத்த ஒரு ஒட்டு. மீன் வடிவம்! சித்தப்பா நம் வீட்டு வாளியில் போட்டுக் கொடுத்தாரே, வாசல் கேட்டில் போட்டாரே, அதே மீன். "மூலை இருந்தா கிழியும்மா, மீனா வெட்டினா நிக்கும்" என்பாரே. உலகத்தில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். சுண்டுவைக் கூப்பிட்டு, பாயில் படுக்கவைத்து, "மேல பாரு, சித்தப்பா கையெழுத்து" என்றேன்.

அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இந்த மீன்தான்க்கா" என்றாள்.

அவள் உதட்டைச் சுற்றி வெள்ளையாகிவிட்டது. பாய் நனைந்துவிட்டது, சித்தி. ஒன்பது வயதுப் பெண். பிசியோ அக்கா எதுவும் கேட்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு போய் உடை மாற்றினாள். நான் மறுபடியும் போய்ப் பார்த்தேன். வால் பக்கம் மஞ்சள் பெயிண்ட் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அதற்கடியில் பழைய நீலம், அதற்கும் அடியில் துரு. புதிதாகப் போட்ட ஒட்டு இல்லை. மார்ச்சிலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

அருவருப்பு என்ற சொல்லைப் புத்தகங்களில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அது தொண்டையில் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

சித்தப்பாவுக்கு இது எந்த வண்டி என்று தெரிந்திருக்காது, இல்லையா? அவரிடம் கேட்டு எழுதுங்கள். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

டீச்சரம்மா


செப்டம்பர் 2

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? நாங்கள் இருக்கிறோம். இங்கே மழை ஓயவில்லை, துணி காயவில்லை. சித்தப்பாவுக்கு முதுகுவலி அதிகமாகி நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. சுண்டுவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன், பச்சை. இத்துடன் அனுப்புகிறேன். கை நீளமாக இருந்தால் மடித்துவிடு, வளர்கிற பிள்ளைதானே. நீ பாடத்தைப் பார். ரொம்ப யோசித்தால் தலைவலி வரும்.

சித்தி


செப்டம்பர் 9

அன்புள்ள சித்திக்கு,

ஸ்வெட்டர் கிடைத்தது. கை நீளமாகத்தான் இருக்கிறது, மடித்துவிட்டோம். நாங்கள் நலம். உங்கள் கடிதத்தில் மழை இருக்கிறது, துணி இருக்கிறது, முதுகு இருக்கிறது. பஸ் இல்லை.

சுண்டு பஸ் பக்கமே போவதில்லை. முற்றத்தில் அது கண்ணில் படாதபடி சுவரோரமாக, சுவரைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். அதனால் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அதுதான் மோதிய பஸ் என்று. மீன் யார் கையால் போட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. உங்களுக்காக.

அப்பாவும் நானும் மேடமிடம் போனோம். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேடம் கேட்டுவிட்டு, "இரும்புக்கு என்னங்க ஞாபகம் இருக்கு? சும்மா வர்றதுல நொட்டை சொன்னா எப்படி?" என்றார். நான் இவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். கதைகளில் உண்மையைச் சொன்னால் அறையில் அமைதி வரும். இங்கே டீ வந்தது.

பல்லுக்காரரும் அங்கே இருந்தார். யாருக்கோ போன் போட்டு விசாரித்தார். அதே வண்டிதான் என்று தெரிந்தது. விபத்துக்குப் பிறகு அந்த வண்டியில் ஆட்கள் ஏற மறுத்தார்களாம், அதனால்தான் வெட்டினார்களாம். சொல்லிவிட்டு அவர் முகம் வாடும் என்று காத்திருந்தேன். மலர்ந்தது, சித்தி.

"அதே வண்டின்னா இன்னும் விசேஷமாச்சே" என்றார். "இடிச்ச வண்டியே கை கொடுத்துத் தூக்கிவிடுது. பாப்பா படியில நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுப்போம். நிதியோட வருஷப் புத்தகத்துல முதல் பக்கம்."

மேடம் உடனே ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார். பரிசீலனை நாளிலேயே எடுத்துவிடலாமாம். அப்பா "சரிங்க" என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கால் மாற்றி மாட்டிக்கொண்டார். நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன். சித்தப்பாவுக்குத் தெரியுமா?

உங்கள் அக்கா மகள்


செப்டம்பர் 28

டீச்சரம்மா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

தெரியும். அந்த ஒட்டு ரொம்ப வருஷம் முன்னால் சித்தப்பா போட்டது. ஜூலை முதல் வாரம் வண்டி பட்டறைக்குள் வந்த அன்றே நம்பரைப் பார்த்தார், அடியில் குனிந்து மீனைப் பார்த்தார். சாப்பிடாமல் வந்து படுத்துவிட்டார். முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். "தெரிஞ்சா என்ன, வேலை வேலைதானே, வாயை மூடிக்கிட்டு வெட்டு" என்றாராம் அவர். அந்தக் கம்பெனி வேலை நின்றால் பட்டறையே நின்றுவிடும். நானும்தான் சொன்னேன், நம்ம சுண்டுவோட மையத்துக்கா போகப்போகுது என்று. உன் ஜூலைக் கடிதத்தைப் படித்த பிறகுதான் அங்கேயே வந்துவிட்டது தெரிந்தது, அதனால்தான் பதில் எழுதவில்லை.

மற்ற ஒட்டுகளையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டாராம். அந்த மீனை மட்டும் வேண்டுமென்றே விட்டாராம். "யாராவது ஒருத்தர் கண்ணுல படட்டும்னுதான்" என்கிறார்.

அக்காவிடம் சொல்லிவிடாதே. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

சித்தி


அக்டோபர் 3

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. யாராவது ஒருத்தர் கண்ணில் படட்டும் என்று விட்டாராம். பட்டது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்ணில், பாயில் படுத்துக்கொண்டு. சித்தப்பாவுக்கு வாய் இருந்தது, போன் இருந்தது, எங்கள் வீட்டு முகவரி இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு மீனைப் பேசச் சொல்லியிருக்கிறார்.

மேடம்மேல் எனக்கு வருவது கோபம். பல்லுக்காரரைப் பார்த்தால் குமட்டுகிறது. சித்தப்பா விஷயத்தில் எது வருகிறது என்று தெரியவில்லை. வாசல் கேட்டைத் திறக்கும்போது அந்த ஒட்டில் கை படாமல் திறக்கிறேன்.

அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது நான் இல்லை.

பரிசீலனையும் போட்டோவும் பதிமூன்றாம் தேதி. ஏறாவிட்டால் உதவி போய்விடும். ஏறினால் முதல் பக்கம். சுண்டு ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பழக்கத்தில் எழுதவில்லை.

அக்கா மகள்


அக்டோபர் 10

டீச்சரம்மாவுக்குச் சித்தப்பா எழுதுவது.

எனக்கு எழுத வராது. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள். நான் செய்யாவிட்டால் வேறு ஒருவன் செய்வான் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே வெட்டி முடித்துவிட்டேன். மீனை விட்டதைப் பெரிய காரியம் என்று உன் சித்தியிடம் சொன்னேன். உன் கடிதத்தைப் படித்தபிறகு அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறேன். வெட்டுகிற சாமானோடு வருகிறேன். அந்தத் தகரத்தையே அறுத்து எடுத்துவிடுகிறேன். அக்காவிடம் நானே சொல்கிறேன். வரலாமா என்று சுண்டுவைக் கேட்டு எழுது. அவள் வேண்டாம் என்றால் வரவில்லை.

சித்தப்பா


அக்டோபர் 17

சித்தப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தில் பிழை இல்லை.

பதிமூன்றாம் தேதி நடந்ததை முதலில் சொல்கிறேன். போட்டோக்காரர் வந்தார். மஞ்சள் பஸ்ஸின் படியைத் துடைத்தார்கள். பல்லுக்காரர் சுண்டுவின் தோளைப் பிடித்து, "சிரி பாப்பா, ஏறும்போது மேல பாரு" என்றார். சுண்டு அவர் கையை எடுத்துவிட்டாள். "நான் வேற பஸ்ல ஏறிக்கிறேன்" என்றாள். கட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே நடந்தாள். மேடம் அப்பாவைப் பார்த்தார். அப்பா நாற்காலி நுனியிலிருந்து எழுந்து சுண்டு பின்னால் போனார். பிசியோ அக்கா பைலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நிறுத்தத்தில் ஒரு டவுன் பஸ் வந்தது. சுண்டு கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏறுறதுன்னா சீக்கிரம் ஏறு பாப்பா, வண்டி எடுக்கணும்" என்று கண்டக்டர் எரிந்து விழுந்தார். அன்றைக்கு யாரும் அவளிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை. ஏறினாள். ஒவ்வொரு படியாக, எண்ணிக்கொண்டே, அழுதுகொண்டே ஏறினாள். எதையும் பிடிக்கவில்லை. பிசியோ அக்கா நின்றவாக்கில், "பஸ் படி ஏறினாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எந்த பஸ் என்று விதியில் இல்லையாம். மேடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு முத்திரை குத்தினார். ஆறு மாதம் கிடைத்துவிட்டது.

போட்டோவும் எடுத்துவிட்டார்கள். வேறொரு பெண்ணைப் படியில் நிறுத்தினார்கள். கையில் அடிபட்ட பெண் அது. கீழே சிறுமி என்று மட்டும்தான் போடப்போகிறார்களாம், யாராக இருந்தால் என்ன.

இனி நீங்கள் கேட்டது. உங்கள் கடிதத்தைச் சுண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வரட்டும். மீனை அறுக்க வேணாம். அடியில படுத்து அதைப் பாக்கணும்."

இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

டீச்சரம்மா


நவம்பர் 4

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமா? சித்தப்பா பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தாரா? நாங்கள் நலம். இந்தத் தடவை முக்காலா முழுசா என்று கணக்குப் போடாமலே எழுதுகிறேன்.

வந்த அன்று சித்தப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாசலில் நின்றபடியே சொன்னார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். அவ்வளவுதான். இரவு குழாயைத் திறக்காமலே அழுதாள். உங்களுக்கு எப்போது போன் செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் மையத்துக்குப் போனோம். மேடம் இன்னும் வரவில்லை. சித்தப்பா நல்ல சட்டை போட்டிருந்தார். கழற்றப் போனவர் சுண்டுவைப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, மல்லாந்து உள்ளே நகர்ந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. தான் செய்த வண்டிக்கு அடியில் அவர் அவ்வளவு சிரமப்பட்டுப் போவதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் பாய் எடுத்துக் கொடுக்கவில்லை. இருந்தது, கொடுக்கவில்லை.

சுண்டு படியோரம் வந்தாள். உள்ளே தெரியவில்லை போல. கட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, இரும்புக்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குந்தினாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் குந்தி நான் பார்த்ததில்லை. முழங்கால் மடங்கியிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. ஜன்னலில் நின்ற பிசியோ அக்கா பைலைத் திறந்தாள், பிறகு எழுதாமலே மூடிவிட்டாள்.

"தெரியுதா சித்தப்பா?"

"தெரியுதும்மா."

"எண்ணெய் சொட்டும். கண்ணைத் துடைக்கக் கூடாது. எனக்கு அன்னிக்குக் கையை எடுக்க முடியல."

சித்தப்பா துடைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெயில் முற்றத்துக்கு வந்து, அவர் செருப்பைத் தொட்டு, மேலே ஏறியது. அவர் வெளியே வரவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் குரல் உள்ளிருந்து வந்தது. பட்டறையில் கேட்டுப் பழகிய குரல் இல்லை, ரொம்பச் சின்னக் குரல்.

"சுண்டு, ஜாக்கி வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல" என்றாள்.

அன்புடன்,
டீச்சரம்மா